வலைக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரர்

"உங்கள் கிளப்பின் ஆகச் சிறந்த கோல்கீப்பர் யார்?" என்று மான்செஸ்டர் சிட்டி ரசிகர் கூட்டத்தில் கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் பீரின் நுரை அடங்கும்வரை பேச்சு ஓயாது. இளையவர்கள் எடர்சன் என்பார்கள். காலால் அவர் அனுப்பும் பந்து நடுக்கள ஆட்டக்காரரையே வெட்கப்படுத்தும் என்பார்கள். இன்னொருவர், பிரீமியர் லீக்கின் தங்கக் கையுறையை நான்கு முறை வென்ற ஜோ ஹார்ட்டை மறந்துவிட்டீர்களா என்று குறுக்கிடுவார். நடுவயதைக் கடந்தவர்களுக்கு ஜோ கோரிகன். தாத்தா சொல்லிக் கேட்டவர்களோ ஃபிராங்க் ஸ்விஃப்டிடம் போய் நிற்பார்கள். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் விசில் ஊதியதும், வென்றுவிட்ட திகைப்பில் மயங்கி விழுந்த 20 வயதுப் பையன் அவர். பின்னாளில் விளையாட்டு நிருபராகி, 1958 மியூனிக் விமான விபத்தில் மாண்டவரும் அவர்தான்.

இந்தப் பேச்சு எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு கழுத்தில் வந்து முட்டும்.

1956 மே 5, வெம்ப்லி மைதானம், பார்வையாளர்கள் ஒரு லட்சம் பேர். பர்மிங்காம் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதி முடிய இன்னும் 17 நிமிடங்கள். பாய்ந்து வந்த பீட்டர் மர்ஃபியின் காலடியில் பந்துக்காக விழுந்தார் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன். மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் இடித்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அன்று கிடையாது. கண் இருண்டு, தள்ளாடியபடியே அவர் ஆடினார். இன்னும் சில பந்துகளைத் தடுத்தார். சிட்டி 3-1 என்று வென்றது. பதக்கம் கொடுத்த இளவரசர் பிலிப், கழுத்து கோணலாக இருக்கிறதே என்று கவனித்தாராம். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: ஐந்து முதுகெலும்புக் கண்ணிகள் இடம் பெயர்ந்திருந்தன, இரண்டாவது கண்ணி இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது அதற்கு முட்டுக்கொடுத்து நின்றதால்தான் உயிர் தங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் அது வெறும் வீரக்கதை. ஆனால் டிராட்மன் ஜெர்மன்காரர், அதுவும் போர்க்கைதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். 1923இல் பிரேமனில் பிறந்து, பத்து வயதிலேயே நாஜிச் சிறுவர் அமைப்பில் சேர்ந்து, 17 வயதில் தானாகவே ராணுவத்துக்குப் போனவர். பாராசூட் படை வீரராகக் கிழக்கு முனையில் மூன்றாண்டுகள் சண்டையிட்டு இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். சிறைப்பிடித்த பிரிட்டிஷார் முதலில் அவரைப் போட்ட பட்டியல் 'கறுப்பு'. நாஜிக் கொள்கையில் ஊறியவர்களுக்கான அடையாளம் அது. பின்னர்தான் 'சாம்பல்' ஆக்கினார்கள். லங்காஷயரில் ஆஷ்டன் அருகே இருந்த முகாமில் பந்தாடிக்கொண்டிருந்தபோது ஒருநாள் காயம்பட்டு, கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வலையை விட்டு நகரவில்லை. 1948இல் ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோதும் மறுத்துவிட்டு, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறு அணிக்கு ஆடினார். 1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. ஸ்விஃப்ட் ஓய்வு பெற்றுப் போன இடத்தை நிரப்ப!

ஊர் கொதித்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். குண்டுவீச்சில் இடிந்த வீடுகள் இன்னும் எடுத்துக் கட்டப்படாத நகரம் அது. எதிர்ப்புத் தெரிவித்து 20,000 பேர் வரை தெருவில் இறங்கியதாகச் சொல்வார்கள். சீசன் டிக்கெட்டைத் திருப்பித் தருவோம் என்று மிரட்டியவர்களில் யூதர்கள் நிறையப் பேர். மான்செஸ்டர் பெரிய யூத சமூகம் வாழும் நகரம். உடைமாற்றும் அறையில் அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட், இந்த அறைக்குள் போர் கிடையாது என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொல்லி வரவேற்றார். நார்மண்டியில் சண்டையிட்டுத் திரும்பிய மனிதர் அவர். அந்தச் சொல்லின் எடை அதனால்தான்.

மற்றொருவர் கடிதம் எழுதினார். அவர் ரபி அலெக்சாண்டர் ஆல்ட்மன்.

1938இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி மான்செஸ்டருக்கு வந்து அங்குள்ள யூதர்களின் ரபியானவர் ஆல்ட்மன். யூதத் தத்துவத்தில் பேரறிஞர். அவருடைய தந்தை அடோல்ஃப் ஆல்ட்மனும் ரபிதான். டிரியர் நகரத்தின் தலைமை ரபியாக இருந்த அவர் 1944இல் மனைவியோடு அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். ஐந்தே ஆண்டு கழித்து, ஒரு ஜெர்மன் வீரனை ஏற்பதா வேண்டாமா என்று ஊர் அந்த மகனைப் பார்க்கிறது. பத்திரிகைக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தின் சாரம் சிறியது: எங்கள் மக்கள் பட்ட கொடுமைகளுக்குப் பிறகும், அந்தக் குற்றங்களோடு தொடர்பில்லாத ஒரு தனி ஜெர்மானியரை வெறுப்பினால் தண்டிக்க மாட்டோம்; அவர் நல்ல மனிதரென்றால் ஆடட்டும்; ஒவ்வொருவரையும் அவரவர் தகுதி பார்த்தே எடைபோட வேண்டும். இதில் ஒவ்வொரு யூதரும் தத்தம் கருத்தை வைத்துக்கொள்ளும் உரிமையையும் அவர் பறிக்கவில்லை.

ரசிகர்கள் இதை 'ரபி மன்னித்த கதை' என்றுதான் சொல்லி வருகிறார்கள். அவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கடிதத்தில் மன்னிப்பு இல்லை. இருக்கவும் முடியாது. யூத சமய நெறியில் மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவரின் கையில் மட்டுமே இருக்கும் சாவி. பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: மனிதன் கடவுளுக்குச் செய்த பிழை யோம் கிப்பூர் நோன்பில் தீரும், மனிதனுக்கு மனிதன் செய்த பிழையோ, இழைக்கப்பட்டவர் மனம் ஆறும்வரை தீராது. அவர் இறந்துவிட்டால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய் அங்கே நின்று அறிக்கையிட வேண்டும் என்கிறார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ். கல்லறையே இல்லாமல் சாம்பலாகிப் போனவர்களிடம் எங்கே போய் நிற்பது என்ற கேள்வி அவர் காலத்தில் எழவில்லை.

ஆக, தன் தாய் தந்தையைக் கொன்றவர்களை மன்னிக்கும் அதிகாரம்கூட ஆல்ட்மனுக்கு முழுதாக இல்லை. இறந்தவர்கள் சார்பில் பேச அவரை யாரும் நியமிக்கவில்லை. அவர் செய்தது வேறு. தண்டிக்க மறுத்தார். தமிழில் 'பொறுத்தல்' என்றொரு சொல் உண்டு. மன்னிப்பதற்கும் அதே சொல், சுமை தாங்குவதற்கும் அதே சொல். மான்செஸ்டர் யூதர்கள் அன்று செய்ததற்கு இந்தச் சொல்லின் இரண்டாவது பாதி பொருந்தும். கடன் தள்ளுபடியாகவில்லை. இவனிடம் வசூலிப்பதில்லை என்று மட்டும் முடிவாயிற்று.

கடிதம் வந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். டிராட்மன் எந்தப் பெரிய பந்தையும் அதுவரை தடுத்திருக்கவில்லை. கழுத்து முறிய இன்னும் ஆறரை வருடம் இருக்கிறது. லண்டனில் ஃபுல்ஹாம் மைதானத்தில், 1950 ஜனவரியில், 'நாஜி' என்று கத்திய கூட்டமே ஆட்டம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது உண்மை. இரு அணி ஆட்டக்காரர்களும் வரிசை கட்டி நின்று அவரை வழியனுப்பினார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் திறமைக்குக் கிடைத்த கூலி. நன்றாக ஆடாத ஜெர்மன்காரனுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஆல்ட்மனின் நீதி மட்டும்தான், பந்தைத் தடுத்தாலும் கோட்டை விட்டாலும் மாறாமல் நின்றிருக்கும்.

முறிந்த கழுத்தை ஒரு பரிகாரமாக, கிட்டத்தட்டப் பலியாகவே, ரசிகர்களின் நினைவு மாற்றிவிட்டது. நம் நகரத்துக்காக ரத்தம் சிந்தினார், கணக்கு நேரானது என்பது போல. சொல்லக் கேட்க அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெம்ப்லியில் பட்ட வலிக்கும் போரில் செத்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கோப்பைக்காகப் பட்ட அடி அது. அந்த விபத்துக்குச் சில வாரங்கள் கழித்து அவருடைய ஐந்து வயது மகன் ஜான் கார் மோதி இறந்தான். அதையும் சேர்த்துத் தண்டனைக் கணக்கில் எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். அப்படி எழுதினால் இந்தக் கணக்குமுறையின் கொடூரம் உடனே கண்ணில் பட்டுவிடும்.

இதைவிடச் சங்கடமான செய்தி ஒன்று அவருடைய முதுமையில் வெளிவந்தது. கேத்ரின் கிளே எழுதி 2010இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில் அது இருக்கிறது. 1941இல், உக்ரைன் காட்டில், 18 வயதை ஒட்டிய டிராட்மனும் ஒரு தோழனும் துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஊர்ந்து போய்ப் பார்க்கிறார்கள். குழிகள், குழியோரம் நிறுத்திச் சுடப்படும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள். இருவரும் சத்தமில்லாமல் திரும்பிவிட்டார்கள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

'அந்தக் குற்றங்களோடு தொடர்பில்லாத' என்று எழுதியிருந்தார் ரபி. சுட்டவர் இல்லை, சுடச் சொன்னவர் இல்லை. அந்த அளவில் சொல் உண்மைதான். பார்த்தவர், அவ்வளவே. பார்த்ததும் ஒரு தொடர்புதானா?

இதே கேள்விக்கு ஜெர்மனிக்குள்ளேயே ஒருவர் பதில் தேடிக்கொண்டிருந்தார். யூதப் பெண்ணை மணந்து, அவரைக் கைவிட மறுத்ததால் பேராசிரியர் வேலையை இழந்தவர் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ். போர் முடிந்த கையோடு ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1946இல் 'குற்றத்தின் கேள்வி' என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. குற்றத்தை நான்காகப் பிரிக்கிறார். சட்டத்தின் முன் குற்றம், அதை நீதிமன்றம் விசாரிக்கும். அரசியல் பொறுப்பு, அதை வென்றவர்கள் முடிவு செய்வார்கள். அறக்குற்றம், அதற்கு அவரவர் மனச்சாட்சிதான் நீதிபதி. நான்காவதுக்கு அவர் தந்த பெயர் மெய்யியல் குற்றம்: பக்கத்தில் ஒரு மனிதன் கொல்லப்படும்போது நான் உயிரோடு இருந்துவிட்டேன் என்பதே உறுத்தும் நிலை. இதை விசாரிக்கும் அதிகாரம் கடவுளுக்கு மட்டுமே என்கிறார். ஒரு முழு இனத்தைக் குற்றவாளி என்று அறத்தின் பெயரால் தீர்ப்பளிக்க முடியாது என்பதிலும் அவர் உறுதி. அங்கே அவரும் ஆல்ட்மனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

யாஸ்பர்ஸின் தராசில் வைத்தால் காட்டில் ஊர்ந்து திரும்பிய பையனுடைய வழக்கு மான்செஸ்டர் ரசிகர்களின் கோர்ட்டுக்கே வராது. கூச்சலிட்டவர்களும் விசாரிக்க முடியாது, கைதட்டியவர்களும் விடுவிக்க முடியாது. அந்தப் பையன் அன்று வாய் திறந்திருந்தால் எட்டாவது குழியிலோ பத்தாவது குழியிலோ அவனும் கிடந்திருப்பான் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். யாஸ்பர்ஸுக்கு அந்தச் சமாதானம் தெரியும். வீணாகச் சாவது கடமையல்ல என்றும், ஆனாலும் உறுத்தல் போகாது என்றும் இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். டிராட்மனும் தன்னை அப்பாவியாகக் காட்டிக்கொள்ளவில்லை. தன் உண்மையான கல்வி 22 வயதில் இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1964 வரை சிட்டிக்காக 545 ஆட்டங்கள் ஆடியவர், பிறகு ஜெர்மன் கால்பந்து சங்கத்தின் சார்பில் பர்மா, தான்சானியா, பாகிஸ்தான் என்று நாடு நாடாகப் போய்ப் பயிற்சி கொடுத்தார். இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் பாலமாக இருந்ததற்காக 2004இல் ஓ.பி.இ. விருது. 2013இல், 89 வயதில், ஸ்பெயினில் இறந்தார்.

ரசிகர்களின் மேசைக்குத் திரும்பினால், அங்கே பேச்சு இந்நேரம் கோரிகனுக்குத் தாவியிருக்கும். 1970 மார்ச் 21, மெயின் ரோடு மைதானம், வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டம். கோரிகன் பந்தை நடுக்களத்துக்கு உதைத்துவிட்டு முதுகைக் காட்டி வலையை நோக்கி நடக்கிறார். உதைத்த பந்தை ரோனி பாய்ஸ் தரையில் விழவிடாமல் அப்படியே திருப்பி அடிக்க, அது கோரிகனின் தலைக்கு மேலாகப் பறந்து வலைக்குள் விழுந்தது. சொந்த மைதானத்தில் 5-1 தோல்வி. அந்த நாட்களில் கோரிகனை வசைபாடாத ஆள் கிடையாது. பின்பு அதே ரசிகர்கள்தான் அவரைக் கிளப்பின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். இந்த மன்னிப்பில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை: அன்று அரங்கில் இருந்து அந்த கோலை அனுபவித்தவர்களே, வாயாற, சிரித்துக்கொண்டே கொடுத்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து கோரிகன் மாதிரியே முதுகைக் காட்டி நடந்து காட்டுவார். மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள்.