காவலிருக்கும் தகப்பன்



திருநெல்வேலிச் சீமையின் களக்காடு மலைக்காட்டில் சிறு பச்சைத் தவளை ஒன்றுண்டு. மூங்கிலின் வெடிப்பு வழியே உட்புகுந்து பெண் முட்டையிட்டுச் செல்லும், காவலிருப்பதோ ஆண். மாலையில் இரைக்காகச் சற்று வெளியே போகும், மறுபடி திரும்பிவிடும். தகப்பனை அகற்றினால் முட்டைகள் பல அழிகின்றன, அவ்வினத்து வேற்று ஆண்களே அவற்றைத் தின்கின்றன என்று 2018இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

இதை அத்தவளையின் புண்ணியமென்போமா? ஆகாது. இயற்கை ஏவுகிறது, அது இருக்கிறது. நமக்கோ வேறு வழிகளும் தெரியும். வேலை முடிந்தபின் லஸ் முனையில் வீண்பொழுது போக்கலாம். கூலியைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்றும் எண்ணலாம். அப்படியிருந்தும் பிள்ளைகளிடம் திரும்புகிறோமே, அதுவே அறம். இன்று மாலை எவ்வழி போகிறோம்? தகப்பன்மார் சிந்திப்பார்களாக.