கேட்டுக் கொடுப்பது

பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வார்க்கரிகள் என்னும் பக்தர்களைப் பற்றிப் பேச்செடுத்தால், ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “இத்தனை சனமும் ராத்திரி எங்கே படுக்கும்? என்ன சாப்பிடும்?” நான் புனேயில் ஔந்தில் குடியிருக்கிறேன். அந்த யாத்திரையில் தேஹுவிலிருந்து கிளம்பும், துக்காராம் மகராஜின் பாதுகைகளைச் சுமந்த பல்லக்கு எங்கள் பகுதிக்குள் வராது. ஹாரிஸ் பாலத்தைத் தாண்டிப் பக்கத்துப் போபோடி வழியாக நகருக்குள் போகும். ஜூன் வாக்கில், மழை பிடிக்கும் நேரத்தில், அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கம்.

படுக்கையும் சாப்பாடும் தற்செயலாகக் கிடைப்பவை அல்ல. நடப்பவர்கள் திண்டி என்னும் குழுக்களாகச் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் பங்குப் பணம் கட்டுகிறார்கள். அரிசி, மாவு, பாத்திரம், கூடாரம் எல்லாம் லாரியில் ஏறி, நடப்பவர்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. தண்ணீர் லாரியும் உடன் போகிறது. கால் ஓய்ந்து வந்து சேரும்போது கூடாரம் அடித்து அடுப்பு மூட்டியிருக்கும். சுமார் 250 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று வாரம், நாள்தோறும் இப்படித்தான். அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். யாரிடமும் கையேந்தி அவர்கள் கிளம்பவில்லை. சாலையோரம் நின்று கொடுக்கிற நாம் முதலில் மனதில் வைக்கவேண்டியது இது.

புனேயில் இரண்டு இரவு தங்கல். துக்காராமின் பல்லக்கு நானா பேட்டை நிவடுங்க்யா விட்டோபா கோயிலிலும், ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரரின் பல்லக்கு பவானி பேட்டை பால்கி விட்டோபா கோயிலிலும் இறங்கும். நடந்து வந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தெரிந்தவர் வீடுகளிலும் படுப்பார்கள். அன்று நகரம் அள்ளி அள்ளிக் கொடுக்கிறது. வாழைப்பழம், பிஸ்கட், அவல் உப்புமா, டீ, தண்ணீர் பாட்டில். நூறடிக்கு ஒரு பந்தல். வாங்குகிறவர் மறுக்க மனமில்லாமல் வாங்கி, பைக்குள் இடமில்லாமல் அடுத்தவரிடம் நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கொடுப்பவருக்கு எது சுலபமோ அதுவே குவிகிறது.

ஒருமுறை போபோடியில் நான் நீட்டிய பழத்தை வாங்காமல் ஒரு அம்மா, “மாவுலி, பக்கத்தில் உங்கள் வீடு இருக்கிறதா? ஒரு நிமிஷம் உள்ளே போய்வர முடியுமா?” என்று கேட்டார். ‘மாவுலி’ என்றால் தாய்; வார்க்கரிகள் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள். தலையில் துளசி மாடம், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் வீட்டில் கேட்டு அழைத்துப் போனேன். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கும் பெண்கள் நிறைய என்பதை அப்புறம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். விடியுமுன் இருட்டிலேயே எழுந்து குளித்துவிடுவதும் மறைவிடம் இல்லாததால்தான். ‘நிர்மல் வாரி’ என்ற திட்டம் வந்தபின் நடமாடும் கழிப்பறைகள் தங்கல்களில் நிற்கின்றன. நல்ல காரியம். ஆனால் கழிப்பறையின் தேவை தங்கும் ஊரோடு முடிவதில்லை.

கொடுப்பது எப்படி என்று யவத் கிராமத்தாரிடம் கற்கலாம். துக்காராமின் பல்லக்கு போகும் வழியில், புனேயைத் தாண்டி லோணி காளபோருக்கு அடுத்த தங்கல் அது. பல்லக்கு வரும் நாளில் ஊரே பாக்கரி என்னும் தடித்த ரொட்டி தட்டி, கடலை மாவில் பிட்லா கிண்டிக் காத்திருக்கிறது. உழவர் வீட்டில் தினம் உண்ணும் சாப்பாடு அது. நடந்து களைத்தவருக்கு வயிறு நிறையச் சூடாக அதுதான் வேண்டும்.

சேர்ந்து உண்பது என்றதும் இராவதி கார்வே நினைவுக்கு வருகிறார். புனேயில் வாழ்ந்த அந்த மானுடவியல் அறிஞர், தானே இந்த யாத்திரையில் நடந்து எழுதிய கட்டுரையில், ஒன்றாகப் பாடி நடப்பவர்கள் பிராமணர், மராத்தர் என்று பிரிந்து தனித்தனியே உண்பதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். அவர் இரு பக்கமும் உண்டார். சோறு போட்டால் மட்டும் போதாது, யாரோடு உட்கார்ந்து உண்கிறோம் என்பதும் வழிபாட்டில் சேர்ந்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

யாரையும் விலக்காமல், வேண்டியதை அறிந்து கொடுப்பதை நம் மண்ணில் நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், வியப்பாக, ஒரு மராத்தியர். தஞ்சை சரபோஜி மன்னர் ராமேசுவரம் போகிறவர்களுக்கான சத்திரங்களைப் பற்றி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை எல்லோருக்கும் அங்கே சோறு உண்டு என்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று கூவிக் கேட்பார்கள். நோயாளிக்கு மருந்து, குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவர் கட்டியதுதான். வருகிறவருக்கு என்ன குறை என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அந்த நள்ளிரவு மணிக்கு ஈடாக நகரத்துப் பந்தல்களில் எதையும் நான் காணவில்லை.

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கும் வழியிலும், கொடுப்பவருக்குச் சுலபமானதே குவியும் இதே கதைதான். கால்நடையாகப் போகிறவர்கள் உங்கள் தெரு வழியாக வந்தால், பிஸ்கட் பாக்கெட்டை எடுக்குமுன் “என்ன வேணும்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் வீட்டுக் குளியலறையை அன்று ஒருநாள் பெண்களுக்குத் திறந்துவிடுங்கள். மழைக்கு ஒதுங்க நனையாத திண்ணை இருந்தால் அதையும் கொடுங்கள்.