கட்டுமரமும் உல்லாசப் படகும்: இன்பத்தின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

மனிதன் உழைப்பதற்கு மட்டும் பிறந்தவன் அல்லன். ஓய்வதற்கும் களிப்பதற்கும் உரியவன். இக்கூற்றை மறுப்பார் இலர். ஆயின், ஒருவனுடைய களிப்பு இன்னொருவனுடைய உழைப்பின் மீதும், சில வேளைகளில் இன்னொருவனுடைய துயரத்தின் மீதும் நிகழுமாயின், அக்களிப்பு அறத்தோடு பொருந்துமா என்ற வினா எழுகின்றது. இவ்வினாவை வெறும் தத்துவ விசாரமாக அன்றி, நம் கண்முன் உள்ள ஒரு கடற்கரையை வைத்து ஆராய்தல் பயன்தரும்.

பொலன்னறுவை வழியாகக் கீழைக் கரைக்கு வருவோர் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்தே வாழைச்சேனையையும் அதற்கப்பால் கல்குடா, பாசிக்குடாக் கரைகளையும் அடைவர். பாலத்தின் கீழ் வாழைச்சேனைக் களப்பின் நீர் கடலை நோக்கிச் செல்கின்றது. அந்நீரிலே தோணியிற் சென்று வலை வீசுவோரை இன்றும் காணலாம். சிறிது தூரத்தே, பாசிக்குடாவின் ஆழமற்ற அமைதியான நீரிலே, விடுமுறைக்கு வந்தோர் உல்லாசப் படகில் ஏறிச் செல்வதையும் காணலாம். ஒரே நீர், ஆயினும் ஒருவருக்கு அது வயிற்றுப்பாடு, மற்றவருக்கு அது பொழுதுபோக்கு.

உல்லாசப் படகுகளுள் இரட்டை உடலுடையதனைக் ‘கற்றமரான்’ என அழைக்கின்றனர். இச்சொல்லின் வரலாறு நோக்கற்பாலது. தமிழகத்துச் சோழமண்டலக் கரையில் இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணைத்து மீனவர் கடலோடிய கலமே கட்டுமரம். அலை அதன்மேற் புரண்டு மரங்களின் இடைவெளியால் வடிந்துவிடும். ஆகவே நீர் நிறைந்து மூழ்கும் அச்சம் அதற்கில்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். பதினேழாம் நூற்றாண்டில் அக்கரைக்கு வந்த வில்லியம் டம்பியர் போன்ற ஆங்கிலக் கடலோடிகள் இச்சொல்லைத் தம் நூல்களில் எழுதினர். பின்னர், பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளையும் அவற்றை ஒத்த கலங்களையும் அதே பெயரால் மேனாட்டார் வழங்கலாயினர். 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷொவ் அமைத்த இரட்டையுடற் படகு நியூயோர்க் போட்டியில் ஏனைய படகுகளை வென்றது. வென்றமையாலேயே அத்தகைய போட்டிகளிலிருந்து விலக்கவும்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வகைப் படகு உலகெங்கும் விடுமுறைக் கலமாயிற்று. உழைப்பின் பெயராய்த் தமிழ்க் கரையை விட்டுப் புறப்பட்ட சொல், ஓய்வின் பெயராய்த் தமிழ் பேசும் கரைக்கே திரும்பி வந்துள்ளது. சொல் திரும்பியதுபோல, அச்சொல்லுக்குரிய உழைப்பாளியின் நினைவும் திரும்பியதா என்பதே கேள்வி.

இன்பம் பற்றி அறிஞர் பலவாறு கூறியுள்ளனர். விளையாட்டு மீண்டும் உழைப்பதற்கான இளைப்பாறல் என்றும், உண்மையான ஓய்வோ தன்னளவிலேயே உயர்ந்த பயன் என்றும் அரிஸ்டோட்டில் வேறுபடுத்தினார். இன்பத்தைத் தேர்வோர் அதன் பின் வரும் துன்பத்தையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எபிக்கூரஸின் கருத்து. இருவகை இன்பங்களையும் அறிந்தவரே அவற்றுள் உயர்ந்தது எதுவெனத் தீர்ப்பளிக்க வல்லவர் என்றார் ஜே. எஸ். மில். மில்லின் இவ்வளவுகோலை மேற்காட்டிய கரைக்குப் பொருத்திப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். பயணி அறிந்தது ஒரு கடலையே. அது வெயில் காயும் நீலக் கடல். படகோட்டி அறிந்தவை இரண்டு. வடகீழ்ப் பருவக்காற்றில் சீறி எழும் கடலையும் அவன் அறிவான். அடுத்தவரை மகிழ்விக்கும் அமைதிக் கடலையும் அறிவான். எனவே கடலின்பம் குறித்துத் தீர்ப்புக் கூறும் தகுதி பயணியை விடப் படகோட்டிக்கே மிகுதியாக உண்டு. ஆயினும் அவனிடம் கருத்துக் கேட்பவர் அரியர்.

இவ்வின்பத்துக்கு எதிராகக் கூறப்படும் தடைகளுள் முதலாவது, அது செல்வரின் பகட்டு என்பது. 1899இல் வெளிவந்த நூலொன்றில் வெப்ளன், உழைக்காதிருத்தலையே பெருமையாகக் காட்டும் ஓய்வு வர்க்கத்தைத் தோலுரித்துக் காட்டினார். தான் களிப்பதைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே படகேறுவோன் கடலை அனுபவிப்பவன் அல்லன். தன் நிழலையே அனுபவிப்பவன். இத்தடை உண்மையானது. ஆனால் அது பகட்டைச் சாடுகின்றதேயன்றி, இன்பத்தைச் சாடவில்லை. ஆண்டு முழுவதும் வகுப்பறையில் நின்ற ஆசிரியை ஒருத்தி தன் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் நீர்மேற் செல்வதைப் பகட்டென்று கூறுதல் பொருந்தாது.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. 2004 மார்கழி 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பேரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. அதற்கு முன்னரும் பின்னரும் போரின் கொடுமையை, அது 2009இல் முடிவுறும் வரை, இக்கரை அறிந்திருந்தது. உறவினரைக் கடலுக்குக் கொடுத்தவர் கரையில் வாழ, அதே கடலில் ஆடிப்பாடுதல் தகுமா? பழந்தமிழர் நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வகுத்தமையை இங்கு நினைத்தல் தகும். கடற்கரையில் நின்றோர் மீளாதவரை எண்ணி ஏங்கிய அனுபவமே அவ்வகுப்பின் அடிப்படை எனலாம். எனினும் அதே மரபிலேதான் கடலாட்டும் கானற்சோலை விளையாட்டும் இடம்பெற்றன. துயரமும் களிப்பும் ஒரே கரையில் வாழ்ந்தன. ஒன்று மற்றதை விரட்டவில்லை.

ஆனால் அவ்விரண்டும் ஒன்றையொன்று செவிமடுத்தல் வேண்டும். சிலப்பதிகாரக் கானல்வரியில் நிகழ்வது யாது? புகார்க் கடற்கரைக்குக் கோவலனும் மாதவியும் களிக்கவே செல்கின்றனர். யாழும் பாட்டும் நிறைந்த அப்பொழுதிலே மாதவியின் பாட்டின் பொருளைக் கோவலன் பிழையாக உணர்ந்து அவளைப் பிரிகின்றான். களிப்பு அங்குக் குற்றமாகவில்லை. அருகிருந்தவளின் உள்ளத்தை அறியாத களிப்பே கேடாய் முடிந்தது. இக்காலத்துப் பயணிக்கும் இது பொருந்தும். கரையிலிருந்து வரும் பாட்டு களிப்பின் பாட்டா, இரங்கலின் பாட்டா என உணராதவன் அக்கரைக்கு வந்தும் வராதவனே.

மூன்றாவது தடை உரிமை பற்றியது. போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் பெரிய விடுதிகள் எழுந்தன. தோணி ஏற்றுதற்கும் வலை உலர்த்துதற்கும் மீனவருக்கு வேண்டியது கரை. விடுதியின் முன்றிலுக்கு வேண்டியதும் அதே கரை. மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்ற கான்ற்றின் விதி இங்கு ஒரு படி விரிதல் வேண்டும். ஒருவனுடைய உழைப்பிடத்தை அவனைக் கேளாது இன்னொருவனுடைய காட்சிப்பொருளாக மாற்றுதலும் அவனைக் கருவியாக்குதலேயாகும். தோணியும் வலையும் ஒளிப்படத்துக்கு அழகு சேர்க்கலாம். ஆனால் தோணிக்காரன் கரைக்கு இடையூறு எனக் கருதப்படுவானாயின் அவ்வழகு பொய்யழகு.

இவ்வாறாயின் படகேறாதிருத்தலே அறமாகுமா? அதுவும் ஆகாது. 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2020இல் பெருந்தொற்றுப் பரவியபோதும் உல்லாசப் பயணிகள் வருகை பெரிதும் வீழ்ந்தது. அப்போது இக்கரையில் வெறுமையுற்றவை விடுதி அறைகள் மட்டுமல்ல. படகோட்டியின் அடுப்பும் குளிர்ந்தது. குற்றவுணர்வினால் கடலைத் தவிர்ப்பவன் தன் மனத்தூய்மையைக் காத்துக்கொள்கின்றான். அதன் விலையை வேறொருவன் செலுத்துகின்றான். விலகி நிற்றல் எளிது. பொறுப்போடு பங்குகொள்ளல் அரிது. அரியதே ஈண்டு அறம்.

ஆகவே பிரச்சினை, இன்பம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எத்தகைய இன்பத்தைத் தேர்வது என்பதாகும். தேர்வு என்னும் சிறு செயலிலேயே அறம் தங்கியுள்ளது. படகின் வருவாய் அவ்வூர் உழைப்பாளிக்குச் சேர்கின்றதா, அன்றித் தொலைவிலுள்ள உரிமையாளனுக்கே செல்கின்றதா என்று கேட்டல் ஒன்று. பேரம் பேசும்போது மிச்சமாகும் சிறுதொகை தனக்கு எவ்வளவு, ஓட்டிக்கு எவ்வளவு என நிறுத்துப் பார்த்தல் இன்னொன்று. 1998இல் இந்து சமுத்திரம் வெப்பமுற்றுப் பவளப்பாறைகள் வெளுத்து இறந்தமையை நினைந்து, எஞ்சியவற்றின் மீது நங்கூரமோ காலோ படாத பயணத்தை நாடுதல் மற்றொன்று. காற்று வாய்க்கும்போது இயந்திரத்தை நிறுத்திப் பாய் விரிப்பதை விரும்புதலும், கடல் நிலை கண்டு ‘இன்று வேண்டாம்’ என ஓட்டி கூறும்போது பணத்தைக் காட்டி வற்புறுத்தாதிருத்தலும் இவற்றோடு சேரும். இவை இன்பத்தைக் குறைப்பன அல்ல. மறைக்க வேண்டியது ஏதுமில்லாத இன்பமே முழுமையாக அனுபவிக்கத்தக்கது.

ஓட்டமாவடியிலே முன்னாளில் புகையிரதமும் மோட்டார் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தைப் பகிர்ந்துகொண்டன. புகையிரதம் வரும்போது பேருந்து காத்துநின்றது. அது போனபின் பேருந்து சென்றது. பாலம் தனக்கே உரியதென எதுவும் கூறவில்லை. இன்று வீதிக்குத் தனிப்பாலம் உண்டு. ஆனால் கடலுக்கு இரண்டாவது கடல் கட்டுதல் எவராலும் இயலாது. உழைப்போனும் களிப்போனும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு அதனைக் கடத்தல் வேண்டும். யார் முதலிற் காத்துநிற்பது என்ற வினாவுக்கு விடை தெளிவு: விடுமுறையில் இருப்பவனுக்கே காத்துநிற்க நேரம் உண்டு.