தன்னைத் தோற்றவனுக்கு ஏது பந்தயம்?

திருவண்ணாமலையின் தலபுராணம் ஒரு போட்டியில் தொடங்குகிறது. யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் திருமாலுக்கும் வழக்கு. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய் மண்ணைக் குடைந்தார். முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாய்ப் பறந்தார். அடி காணாத திருமால் தோற்றதாக ஒப்புக்கொண்டு திரும்பிவிட்டார். பிரம்மாவோ தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கி முடியைக் கண்டதாகச் சாதித்தார். அவருக்குக் கோயில் இல்லாமல் போனதும், சிவபூஜையிலிருந்து தாழம்பூ விலக்கப்பட்டதும் ஊரறிந்த தண்டனைகள்.

இதே ஊரின் இன்னொரு கதை விளையாட்டைப் பற்றியது. கயிலையில் பார்வதி வேடிக்கையாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள், உலகம் இருண்டுபோனது. ஒரு கண விளையாட்டுக்காகக் காஞ்சியிலும், பிறகு அண்ணாமலையிலும் அவள் தவமிருக்க வேண்டியதாயிற்று. கணவனின் உடம்பில் பாதி கிடைத்தது அதன் பிறகுதான். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் சுடர் எழும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் வெளியே வந்து காட்சி தருவது அதன் நினைவாகவே.

ஆக, விளையாட்டையோ போட்டியையோ நம் மரபு வெறுக்கவில்லை. எல்லோராக் குகைகளில் சிவனும் பார்வதியும் தாயக்கட்டை உருட்டும் சிற்பங்கள் இருக்கின்றன. கீதையில் கண்ணன், வஞ்சிப்பவற்றுள் தானே சூது என்கிறான். இப்படிப்பட்ட மரபில் நின்றுகொண்டு, ஆன்லைன் ரம்மியைத் தடைசெய்யும் அரசைப் பார்த்து என்ன சொல்வது? ‘என் காசு, என் விருப்பம், என் விதி’ என்று சொல்பவனின் கையைப் பிடித்து நிறுத்த யாருக்கு உரிமை உண்டு?

இந்தக் கேள்வியை நம் நீதிமன்றங்கள் வேறு விதமாகக் கேட்டுவந்திருக்கின்றன. அவை கேட்டது: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1957இல் பம்பாய் அரசுக்கும் சமர்பாக்வாலாவுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சூதாட்டம் வணிகமே அல்ல, அதை நடத்த அடிப்படை உரிமை கோர முடியாது என்றது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தம் தீர்ப்பில் ரிக் வேதத்தையும் மகாபாரதத்தையும் மனுவையும் துணைக்கு அழைத்தார். ஆனால் திறமை மிகுந்த ஆட்டங்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்ற வாசலும் அப்போதே திறந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இல் ஒரு தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயமும் அப்படித்தான் என்றது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1996இல் வந்த தீர்ப்பு.

கைப்பேசி வந்த பிறகு அந்த வாசல் வழியாக ஒரு தொழிலே நுழைந்தது. 2020 நவம்பரில் அதைத் தடைசெய்து தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது; அதன் தொடர்ச்சியாக வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என். ரவி அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றி அனுப்பிய பிறகே ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்ற நிலை. 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன: பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதியில்லை, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஜூனில் உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்றது.

இரண்டே மாதத்தில் மத்திய அரசு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2025 ஆகஸ்ட் 20இல் மக்களவை, 21இல் மாநிலங்களவை, 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று மூன்றே நாளில் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பிறந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இதன் வரையறையில் ஒரு புரட்சி ஒளிந்திருக்கிறது: ஆட்டம் திறமையால் நடக்கிறதா, அதிர்ஷ்டத்தாலா, இரண்டாலுமா என்பது பொருட்டில்லை. ஆடுபவனுக்குத் தண்டனையும் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்கள் போற்றிவந்த பிரிவினையை ஒரே வரியில் இப்படித் தள்ளியது சரியா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். மரபைக் கேட்டால், அந்தப் பிரிவினையை அது ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சகுனி திறமைசாலிதான்; அதனால் அஸ்தினாபுரத்து ஆட்டம் தூய்மையாகிவிடவில்லை.

திருக்குறளில் சூது என்ற அதிகாரம் இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. களவும் கொலையும் பொய்யும் அறத்துப்பாலில் துறவியின் ஒழுக்கத்தோடு பேசப்படுகின்றன. சூதோ பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கு அடுத்து, தொண்ணூற்று நான்காம் அதிகாரமாக வருகிறது. பாவக் கணக்காக இல்லாமல், ஆட்சியும் செல்வமும் சார்ந்த சிக்கலாக வள்ளுவர் அதை வைக்கிறார். வெற்றியையே அவர் தூண்டிலாகப் பார்க்கிறார். இழக்க இழக்க ஆசை வளரும் என்று அதிகாரத்தை முடிக்கிறார். ‘விட்டதைப் பிடிக்கணும்’ என்று இன்று ரம்மி ஆடுபவர்கள் சொல்வது இதையேதான். முதலில் ‘வெல்கம் போனஸ்’, பிறகு சின்ன ஜெயிப்பு, பிறகு லோன் ஆப்பில் கடன் என்று போகும் வழியின் தொடக்கத்தையும் முடிவையும் அவர் அறிந்திருக்கிறார்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இந்தப் பாடத்தைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. புரிசை போன்ற கூத்து ஊர்கள் இங்கேதான் இருக்கின்றன. திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் ‘பகடை துகில்’ கூத்து விடிய விடிய ஆடப்படுகிறது. நாடு போகிறது, தம்பிகள் போகிறார்கள், தர்மர் தன்னையே வைத்துத் தோற்கிறார், பிறகு மனைவியை வைக்கிறார். அப்போது திரௌபதி கேட்கும் கேள்வியில் அழுகையைவிடச் சட்டம் அதிகம்: முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னையே இழந்தவனிடம் பந்தயம் வைக்க என்ன மிச்சம் இருக்கிறது? பீஷ்மரே தடுமாறிய இடம் அது.

இணையச் சூது விவாதத்தின் மையக் கேள்வியும் இதுதான். ‘என் காசு, என் விருப்பம்’ என்ற வாதத்துக்கு, விரும்பவும் மறுக்கவும் வல்ல ஒரு ‘நான்’ வேண்டும். தனிமனித உரிமையின் பெரும் வழக்கறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில்லும் 1859இல் இங்கேதான் ஒரு கோடு போட்டார்: தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் உரிமை சுதந்திரத்தில் அடங்காது என்றார். நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஐந்தாவது கடனை வாங்கிப் பத்தாவது டேபிளில் உட்கார்ந்திருப்பவன் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறான் என்று சொல்ல மனம் வருமா?

ஆனாலும் மரபு முழுத் தடையின் பக்கம் சாய்ந்துவிடவில்லை. இதைத் தடை ஆதரவாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். வனவாசத்தில் நளன் கதையைக் கேட்ட தர்மர், அதைச் சொன்ன முனிவரிடமே பகடையின் நுட்பத்தைக் கற்றுக்கொள்கிறார். அஞ்ஞாதவாசத்தில் கங்கன் என்ற பெயரில் விராடன் அவையில் அவர் செய்த உத்தியோகமே மன்னனோடு பகடை ஆடுவதுதான். அதே மனிதர், அதே கட்டைகள். இந்த முறை நிறுத்தத் தெரிந்திருந்தது. எனவே மரபு அளப்பது நிறுத்தும் வல்லமையை. அந்த அளவுகோலின்படி பார்த்தால், நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஆட்டத்தை நிறுத்திய தமிழ்நாட்டு விதி, திறமையா அதிர்ஷ்டமா என்ற ஆராய்ச்சியைவிட விஷயத்துக்கு அருகில் வருகிறது.

இனி விதி வாதம். ‘போகணும்னு இருந்தா போகும், அவன் தலையெழுத்து’ என்று கைகழுவுவது நம் ஊர்களில் சுலபம். 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ரமணரை இதற்குச் சிலர் துணைக்கு இழுப்பார்கள். நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற பொருளில் அவர் தாய்க்கு எழுதிக் காட்டிய செய்தி பிரசித்தம். அதே ரமணர் ‘உள்ளது நாற்பது’ நூலில், விதியா மதியா என்ற சண்டை அவை இரண்டுக்கும் மூலமான தன்னை அறியாதவர்களுக்கே என்கிறார். தன்னை அறிந்தவர் ரம்மி டேபிளுக்கு வரப்போவதில்லை. வருபவருக்கு மதியைக் காக்கும் முயற்சி தேவைப்படுகிறது. தவிர, ஒருவன் தோற்பது விதி என்றால், அவனைத் தடுக்கும் சட்டமும் அதே விதியின் கையாக இருக்கக் கூடாதா?

பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருபவர்களில் பலர் குபேரலிங்கத்தின் முன் நின்று பணம் வேண்டுகிறார்கள். அதுவும் ஒரு பந்தயம்தானே என்று பகுத்தறிவாளர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நேர்த்திக்கடனில் காரியம் கைகூடிய பிறகே கடன்; கைகூடாவிட்டால் பக்தன் இழந்தது கால்வலியோடு சரி. இணைய ஆட்டத்தில் பணம் முதலில் போகிறது. யார் ஜெயித்தாலும் நடத்தும் நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அர்த்தசாஸ்திரம் சூதாட்டக் கூடங்களுக்கு அதிகாரி ஒருவரை நியமித்து, ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து எடுக்கச் சொன்னது. கூடம் நடத்துபவரின் இந்தத் தந்திரம் மிகப் பழையது.

அதனால்தான் அரசு அறம் பேசும்போது கேட்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தோடு 1968இல் தமிழ்நாடு அரசே பரிசுச் சீட்டு விற்றது. 2003இல் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடைசெய்தது. பக்கத்துக் கேரளத்தில் அரசு லாட்டரி இன்றும் அமோகம். ஆன்லைன் ஆட்டங்களில் கட்டும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி என்று 2023 அக்டோபரில் வரி போட்ட மத்திய அரசு, இரண்டு ஆண்டு முடிவதற்குள் தொழிலையே மூடச் சொன்னது. அப்படிப்பட்ட அரசு குருவாக முடியாது. ஆனால் ஒருவன் விழும்போது பிடிக்கும் கைக்கு அப்பழுக்கில்லாத கடந்தகாலம் கட்டாயமா என்ன?

திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. செல்வத்தை எல்லாம் அழித்து, குடும்பத்தைக் கலங்கவைத்து, வெட்கம் தாளாமல் அருணகிரிநாதர் அதிலிருந்து குதித்தார் என்பதும், முருகன் தாங்கிக்கொண்டான் என்பதும் ஊர் நம்பிக்கை. ஆய்வாளர்கள் எல்லாரும் இதை வரலாறாக ஏற்பதில்லை. அருகிலுள்ள கோபுரத்திளையனார் சன்னதி அந்த நம்பிக்கையைக் காத்துவருகிறது. தாங்கிய கை, அவர் செய்தது சரியா என்று விசாரிக்கவில்லை. வினைப்பயன் என்று விலகவும் இல்லை. அதோடு அவருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைத்தது: பாடுவது. தடையோடு நின்றுவிடும் சட்டத்தில் இந்த இரண்டாம் பாதி இல்லை. செயலியை மூடிவிட்டால் ஆசை மூடாது. வெளிநாட்டுத் தளங்கள் காத்திருக்கின்றன.

தமிழர்கள் வாழும் சிங்கப்பூர் வேறொரு பாதையைப் பிடித்தது. 2010இல் அங்கே கேசினோக்கள் திறந்தன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் உள்ளே போக நூறு வெள்ளி கட்ட வேண்டும்; 2019இல் அது நூற்றைம்பது ஆனது. அதைவிட முக்கியமானது, சூதில் மூழ்கியவரின் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ மனுச் செய்து அவர் நுழைவதற்குத் தடையாணை பெறலாம் என்ற ஏற்பாடு. ஆலோசனை பெறவும் அங்கே வழி உண்டு.

மத்தியச் சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. நிறுவனங்கள் தொழில் உரிமை பேசுகின்றன. அரசு பொதுநலம் பேசுகிறது. சம்பளம் வந்த அன்றே வங்கிக் கணக்கு காலியாவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கு இந்த வாதத்தில் நாற்காலி போடப்படவில்லை. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும், சட்டத்துக்குட்பட்ட தளமோ கள்ளத் தளமோ, ஒரு மனைவி மனு எழுதிக்கொண்டு போய் நிற்க மாவட்டத் தலைநகரில் ஒரு மேசையும், அவள் கணவனோடு உட்கார்ந்து பேச ஒரு மனநல ஆலோசகரும் தேவை. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தை ஏற்கெனவே அமைத்திருக்கும் மாநிலத்துக்கு அந்த மேசையைப் போடுவது எட்டாத காரியமல்ல.