துக்கத்தோடு ஒரே வீட்டில்

சாவு வீட்டுக்குப் போனால் நம் சபைகளில் தவறாமல் காதில் விழும் ஆறுதல் ஒன்று உண்டு: “அழாதீங்க, ஆண்டவர் இருக்காரு, சந்தோஷமா இருங்க.” சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு, இருக்கிற துக்கத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. நான் அழுவது விசுவாசக் குறைவோ?

இல்லை என்பதை எனக்குக் காட்டியது, அந்த ஆறுதல் வார்த்தைகள் எங்கிருந்து வந்தனவோ அதே கடிதம்தான். பிலிப்பி பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதியது, நான்கே அதிகாரம். காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். வழக்கு விடுதலையில் முடியுமா, மரணத்தில் முடியுமா என்று தெரியாத நிலை. பிலிப்பி அவருக்குப் புதிய ஊரும் அல்ல. முன்பு அங்கேதான் அவரையும் சீலாவையும் அடித்து, தொழுமரத்தில் கால்களை மாட்டிச் சிறையில் வைத்தார்கள். நடு இரவில் இருவரும் பாடினார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் சந்தோஷத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

அதே கடிதத்தில் அவர் கண்ணீரோடு சொல்லும் இடமும், தன் துக்கத்தைச் சொல்லும் இடமும் இருக்கின்றன. சபையார் கொடுத்தனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தார். அவர் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் மறைக்காமல் எழுதுகிறார். எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று எழுதிய அதே கைதான் தன் கவலையையும் எழுதியது. இதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. அவருடைய சந்தோஷம் துக்கத்தைத் துரத்திவிட்டு வந்து உட்காரவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. எந்த நிலையிலும் மனநிறைவாக இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகவும் சொல்கிறார். கற்றுக்கொண்டார் என்றால், அவருக்கும் அது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் சாயங்கால ஜெபத்துக்கு நான் தைரியமூட்டும் சங்கீதங்களாகத் தேடி வாசிப்பேன். ஒருநாள் அம்மா, “எண்பத்தெட்டை வாசி” என்றார். சங்கீதம் 88 முழுக்கப் புலம்பல். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். வாசித்து முடித்ததும், “இவரும் அவர்கிட்டதானே போய் அழுதிருக்காரு” என்றார் அம்மா. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை எப்படி என்று விசாரித்து, அவளுக்காக நெடுநேரம் ஜெபித்தார். வலி அப்படியேதான் இருந்தது. தன்னைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நிச்சயத்தால்தான், அந்த வலிக்கு நடுவிலும் இன்னொரு வீட்டுப் பிள்ளையை நினைக்க அம்மாவுக்கு மனதில் இடம் இருந்தது. விசுவாசம் தரும் சந்தோஷம் என்று நான் சொல்வது இதைத்தான். முகமலர்ச்சி அதற்கு அவசியமில்லை.

அம்மாவை நினைக்கும்போது இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். நெல்லைச் சீமைக்காரர்களுக்கு டோனாவூரும் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் புதிதல்ல. அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்து, ஆபத்திலிருந்த பெண் குழந்தைகளுக்கு டோனாவூரில் வீடும் தாயுமானவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் மாலை மங்கிய நேரத்தில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. குணமாகி எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள், படுக்கையில் கழிந்தது. ஓடியாடிய ஒருவருக்கு இதைவிடக் கடினமான பாடம் எது?

நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதிய ஆறுதல் நூல்கள் அந்தப் படுக்கையில் அவருக்கு ஒட்டவில்லை. அதனால், நோயுற்றவள் நோயுற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு நூலை எழுதினார். ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற பெயரில் 1933இல் வந்தது. வலி தீர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதிய சாட்சி அல்ல அது. அடுத்த இரவு தூக்கம் வருமா என்று தெரியாத ஒருவர், அதே நிலையில் கிடக்கும் இன்னொருவருக்கு எழுதியது. சந்தோஷத்தைப் பற்றி அவர் பேசும்போது நான் நம்புவது அதனால்தான்.