பூட்டாத திரையும் அடுத்தவர் வாசல்தான்

  

 

சென்ற மாதம் லுஹர் தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கையில் மகனுடைய செல்போன். "ஹஜ்ரத், பையன் நெட்டுல என்ன பாக்குறான்னே தெரியல. பாத்ததையெல்லாம் அழிச்சு வச்சிருக்கான். அழிச்சத திரும்ப எடுக்க ஏதோ வழி இருக்காமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். முகத்தில் கோபத்தை விடக் கவலைதான் அதிகம் இருந்தது.

அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முன் என்னுடைய ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

மதரஸா அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அரசு விண்ணப்பங்கள், உதவித்தொகைப் படிவங்கள் என்று ஜமாஅத்தார் யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்துவார்கள். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு ஓர் இளைஞர் வந்து வெகுநேரம் அதில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் எதையோ தேடுவதற்காக இரண்டு எழுத்துகளைத் தட்டினேன். முந்தைய இரவு அவர் தேடியவை வரிசையாகக் கீழே வந்து விழுந்தன. கடன் செயலியிலிருந்து மீள்வது எப்படி, அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போனால் என்ன செய்வது என்பவை போன்ற கேள்விகள்.

தானாகக் கண்ணில் பட்ட அந்த முதல் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம். ஆனால் நான் அத்தோடு நிற்கவில்லை. ஹிஸ்டரியைத் திறந்து கடைசி வரை படித்தேன். எதிர்பாராமல் விழும் பார்வை பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம், முதல் பார்வைக்குக் குற்றமில்லை, அதைத் தொடரும் இரண்டாம் பார்வைக்கு அனுமதியில்லை என்று அறிவுறுத்தினார்கள். அந்த ஹதீஸை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான். அது அந்நியப் பெண்களைப் பார்ப்பது குறித்து வந்தது என்பதால், திரைக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வார ஜும்ஆவில் வட்டியைப் பற்றிப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால், ராத்திரியில் ஊர் தூங்கியபின் போனிலேயே கடன் வாங்கி, நகையையும் அடகு வைத்துவிட்டுக் காலையில் முன் ஸஃப்பில் வந்து நிற்கிறவர்களும் நம்மில் உண்டு என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு தலை தாழ்ந்தது. அதன்பின் அவர் நம் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்து ஊரில் ஜும்ஆ தொழுவதாகச் சொன்னார்கள். சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உங்கள்ட்ட யோசனை கேட்கணும்னுதான் நெனச்சிருந்தேன் ஹஜ்ரத். அதுக்குள்ள நீங்களே பாத்துட்டீங்க."

அந்த வார்த்தை இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவராக வந்து சொல்லியிருந்தால் அது ஆலோசனை. நானாக எடுத்துப் பார்த்ததால் அது திருட்டு. விஷயம் ஒன்றுதான், அது வந்த வழிதான் வேறு.

சகோதரர்களே! 1990-ல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் முதல் பிரவுசரை எழுதினார். ஐரோப்பாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகளின் தகவல்களைப் பார்வையிடுவதற்காக உருவான கருவி அது. இன்று உத்தரகோசமங்கை கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர் வழி பார்ப்பதும், நம் வீட்டுப் பெண்கள் மருந்தின் பெயரைச் சரிபார்ப்பதும், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளை டிக்கெட் எடுப்பதும் அதில்தான். ஆனால் இவற்றையெல்லாம் விட நுட்பமான ஒரு காரியமும் அதில் நடக்கிறது. மனைவியிடம் சொல்ல முடியாத நோய், அத்தாவிடம் சொல்ல முடியாத கடன், ஆலிமிடம் கேட்கக் கூச்சப்படும் சந்தேகம் ஆகிய அனைத்தையும் மனிதன் அந்தத் தேடல் பெட்டியில்தான் கேட்கிறான். கடிதம் என்றால் ஒருவருக்கு எழுதுகிறோம். இங்கே யாருக்கும் எழுதவில்லை, மனதுக்குள் நினைப்பதைத்தான் தட்டுகிறோம். ஆகவே ஒருவருடைய ஹிஸ்டரியைப் படிப்பது கிட்டத்தட்ட அவர் நெஞ்சைத் திறந்து படிப்பதுதான்.

இதற்கு மார்க்கத்தின் சட்டம் என்ன? ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனம் தீய எண்ணத்தையும், துருவித் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுக்கிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சந்தேகம், பிறகு உளவு, கடைசியில் பேச்சு. நான் அந்த மூன்று படிகளில் நடுப்படியில் ஏறி, மிம்பரில் நின்று மூன்றாவது படிக்கும் போய்விட்டேன்.

ஸூரத்துந் நூரின் 27, 28-ஆம் வசனங்கள் அடுத்தவர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையும்படியும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடும்படியும் கட்டளையிடுகின்றன. அனுமதி கேட்பது எதற்காக? அதையும் நாயகம் (ஸல்) அவர்களே விளக்கினார்கள். அவர்களின் அறைக்குள் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. ஆக, காலடி எடுத்து உள்ளே வைப்பதற்கு முன்பே கண்ணுக்குத்தான் சட்டம். கதவு திறந்திருக்கிறது என்பது அனுமதி ஆகாது. பூட்டாத போனும், லாக்அவுட் செய்யாத கணக்கும் அப்படித்தான். அவை அவருடைய கவனக்குறைவைத்தான் காட்டுகின்றன, நமக்கு உரிமை எதையும் தருவதில்லை.

இன்னொரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்தச் செய்தி அமானிதம் என்றார்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்ப்பே போதும். இன்று ஹிஸ்டரியை அழிப்பதும், தனி ஜன்னலைத் திறப்பதும் பெரும்பாலும் அந்தத் திரும்பிப் பார்த்தல்தான். இது மற்றவர் அறிய வேண்டாம் என்று அவர் சொல்லாமல் சொல்லியிருக்கிறார்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் மதீனாவில் ரோந்து போனபோது, ஒரு வீட்டில் விளக்கொளியும், மூடிய கதவுக்குப் பின்னால் உரத்த சத்தமும் இருந்தன. உள்ளே மது அருந்துகிறார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கருதினார்கள். உடனிருந்தவரோ, அல்லாஹ் தடுத்த துருவி ஆராய்தலையல்லவா நாம் செய்துவிட்டோம் என்று நினைவூட்டினார்கள். ஆட்சி அதிகாரம் கையில் இருந்தும் கலீஃபா அவர்கள் திரும்பிப் போனார்கள். கதவிடுக்கில் தெரிந்த அந்த விளக்கொளியை, நள்ளிரவில் போர்வைக்குள் தெரியும் செல்போன் வெளிச்சத்தோடு வைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு. அரசுக்கு எதிராக அந்த உரிமையைக் கோரும் நாம், வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் அதைத் தருகிறோமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "ஹஜ்ரத், மறைப்பவர்களெல்லாம் நல்லவர்களா? பாவத்தை மறைக்கத்தானே பலர் அந்த ஜன்னலைத் திறக்கிறார்கள்?"

உண்மைதான். 2008-ல் குரோம் பிரவுசருடன் வந்த 'இன்காக்னிட்டோ' ஜன்னலை, யாருமே பார்க்காத இடம் என்று பலர் நம்பினார்கள். அது அப்படிப்பட்டதல்ல. ஜன்னலை மூடியதும் நம் கருவியில் உள்ள ஹிஸ்டரி மட்டும்தான் அழிகிறது. நாம் போன தளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் நம் வருகை தெரியும். 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது இதற்காக வழக்கே தொடுத்தார்கள். தனி ஜன்னலில் உலாவியபோதும் எங்களைப் பற்றிய விவரங்கள் சேகரிக்கப்பட்டன என்பது புகார். குற்றச்சாட்டை மறுத்த அந்நிறுவனம், 2024-ல் சமரசத்துக்கு வந்து, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. மனிதன் கட்டிய அறைக்கே இத்தனை ஓட்டைகள். அப்படியே ஓட்டை இல்லாத ஓர் அறை கிடைத்தாலும், கண்களின் துரோகத்தையும் உள்ளங்கள் மறைப்பதையும் அறிந்தவன் அல்லாஹ் அல்லவா?

மறுமையில் திஹாமா மலைகள் போல நன்மைகளோடு வரும் ஒரு கூட்டத்தைப் பற்றி ஸவ்பான் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அந்த நன்மைகளை அல்லாஹ் புழுதியாக்கிவிடுவான். காரணம், அவர்கள் தனித்திருக்கும்போது அவன் தடுத்தவற்றை மீறியவர்கள். இப்னு மாஜாவில் உள்ளது. இதை ஒவ்வொருவரும் தன் ஜன்னலைத் திறக்கும்போது தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் ஜன்னலை உடைப்பதற்கு ஆதாரமாக எடுக்கக்கூடாது. தனிமை என்பது அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள பரீட்சை. அந்த அறைக்குள் நம்மை யாரும் கண்காணிப்பாளராக நியமிக்கவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை அப்படியே விட்டுவிடுவதா? இல்லை. ஒவ்வொருவரும் மேய்ப்பர், தன் பொறுப்பிலுள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். காவல் வேறு, உளவு வேறு. இரண்டையும் பிரிப்பது ஒரே கேள்விதான்: நான் பார்ப்பது அவனுக்குத் தெரியுமா? பகலில் கோலோடு ஆட்டின் முன்னால் நிற்பவர் மேய்ப்பர். அவர் நிற்பது ஆட்டுக்குத் தெரியும்.

போனோடு வந்த அந்தச் சகோதரருக்கும் இதையே சொன்னேன். "அழிச்சத தோண்டாதீங்க. தோண்டி எடுத்தா உங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும், பையன் இருக்க மாட்டான். அவனைக் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்க கவலையச் சொல்லுங்க. இனிமே போன் ராத்திரி பத்து மணிக்கு மேல நடு ஹால்ல இருக்கும், சின்னவங்களுக்கான பாதுகாப்பு அமைப்பப் போடப் போறேன்னு நேராச் சொல்லுங்க. சொல்லிட்டுச் செய்யுங்க." அவர் யோசித்தபடியே எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்துத் தகப்பனும் மகனும் சேர்ந்து மக்ரிபுக்கு வந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பாதுகாப்புக்கான கருவிகள் இன்று அருகிலேயே உள்ளன. நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோ 2023-ல் 'உலா' என்ற தமிழ்ப் பெயரிலேயே ஒரு பிரவுசரை வெளியிட்டது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025-ல் அது முதல் பரிசு பெற்றது. பின்தொடரும் விளம்பரங்களைத் தடுப்பதும், குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி வைத்திருப்பதும் அதன் அம்சங்கள். மற்ற பிரவுசர்களிலும் இத்தகைய வசதிகள் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும் மூன்று காரியங்களைப் பழக்கமாக்குங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு தளம் உங்கள் இருப்பிடத்தையோ, கேமராவையோ, தொடர்பு எண்களையோ கேட்டால், படிக்காமல் அனுமதி தராதீர்கள். அந்த எண்கள் உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் அமானிதம். அடுத்தவர் மறந்து விட்டுப்போன கணக்கைக் கண்டால், படிக்காமல் மூடிவிட்டு அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

எங்கள் மதரஸா கம்ப்யூட்டரில் இப்போது ஒவ்வொருவரும் விருந்தினர் கணக்கில்தான் நுழைகிறார்கள். மூடியதும் எல்லாம் அழிந்துவிடும். அது அவர்களுக்கான பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதை என் கண்ணுக்காகத்தான் அமைத்தேன்.

அந்த இளைஞர் மீண்டும் நம் பள்ளிக்கு வருகிறார், அல்ஹம்து லில்லாஹ். அவர் கடன் என்னவாயிற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். அதை நான் சொல்லப் போவதில்லை.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை இம்மையிலும் மறுமையிலும் மறைப்பதாக வாக்களித்த அல்லாஹ், நம் கண்களையும் விரல்களையும் பாதுகாப்பானாக! நம் தனிமையை நம் வெளிப்படையை விடச் சிறந்ததாக ஆக்குவானாக! நம் பிள்ளைகள் நம்மிடம் தாமாகவே வந்து சொல்லும்படியான பெற்றோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.