குழப்ப வட்டம்

பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே புகாரோடு வருவார்கள். "வியூஃபைண்டர்ல பாக்கும்போது சார்ப்பாதான் இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா அவுட்டா இருக்கு." கேட்பதற்குச் சாதாரணத் தொழில்நுட்பப் புகார்தான். கொஞ்சம் கிளறினால் உள்ளே ஒரு பழைய கேள்வி உட்கார்ந்திருக்கிறது. தெளிவாகப் பார்க்கிறேன் என்று எனக்குத் தோன்றுவதும், நான் உண்மையிலேயே தெளிவாகப் பார்ப்பதும் ஒன்றுதானா? ஒன்றில்லை என்றால் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் படித்தது இயந்திரப் பொறியியல், உள்ளூர் பல்கலைக்கழகத்தில். வேலை ஷா ஆலமில், தரக்கட்டுப்பாட்டில். மெய்யியலை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஓர் அளவுக்கருவியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்குத்தான் மாதச் சம்பளம் வாங்குகிறேன். அதனால் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது ஆசாஹி பென்டக்ஸின் பழைய சூப்பர் தாக்குமார், 50 மில்லிமீட்டர், எஃப் 1.4. ஃபுல் ஃபிரேம் கேமராவில் இதை மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரை முழுத் திறப்பில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அவ்வளவுதான். மூக்கு நுனி சார்ப்பாக இருந்தால் காது இருக்காது. ஃபிலிம் காலத்து எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் இதற்கென்றே திரையின் நடுவில் ஒரு சின்ன வட்டம் வைத்திருப்பார்கள். ஃபோகஸ் தப்பினால் அதற்குள் தெரியும் கோடு இரண்டாக உடைந்து நிற்கும், சரியானதும் ஒன்றுசேரும். ஆட்டோஃபோகஸ் வந்தபிறகு அந்த வட்டம் பெரும்பாலும் போய்விட்டது. வெளிச்சம் குறைவாக வாங்கும் கிட் லென்ஸ்களிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று திரைகளை மாற்றினார்கள். அந்தப் பளிச்சுக்கு ஒரு விலை உண்டு. எஃப் 1.4 லென்ஸை மாட்டினாலும் அந்தத் திரை ஏறக்குறைய எஃப் 2.8 லென்ஸ் காட்டும் ஆழத்தையே காட்டும். படத்தில் மங்கலாக விழப்போகும் இடம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பார்ப்பவரின் கண்ணில் கோளாறில்லை. பார்வைக்கு நடுவில் இருக்கும் ஒன்று, இல்லாத தெளிவைச் சேர்த்துக் கொடுக்கிறது.

மிரர்லெஸ் கேமராக்கள் இரண்டு மாற்று வழிகள் தந்தன. ஒன்று ஃபோகஸ் பீக்கிங். ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளைக் கேமரா சிவப்பிலோ மஞ்சளிலோ கோடு போட்டுக் காட்டும். நல்ல வசதி. ஆனால் அது கண்டுபிடிப்பது ஃபோகஸை இல்லை, வெளிச்ச வேறுபாட்டை. இரவில் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் வாசலில் நிற்கும் ஒரு பெரியவரை எடுத்துப் பாருங்கள். முதலில் சிவப்பாக ஒளிர்வது நெற்றியில் இருக்கும் விபூதிப் பட்டை. கறுத்த முகத்தில் நிழலுக்குள் இருக்கும் கண் கோடே வாங்காது. சிவப்பை நம்பி அழுத்தினால் விபூதி துல்லியமாக வரும், மனிதர் வரமாட்டார். எது பளிச்சென்று மாறுபடுகிறதோ அதைத்தான் அந்தக் கருவி உண்மை என்று காட்டுகிறது.

இன்னொன்று உருப்பெருக்கம். ஒரு பகுதியை மட்டும் பல மடங்கு பெரிதாக்கி, இமை முடி தெரியும்வரை வளையத்தைத் திருப்பலாம். இருப்பதில் நம்பகமான வழி இதுதான். ஆனால் பெரிதாக்கியிருக்கும் நேரத்தில் முழு ஆள் தெரியமாட்டார். இமையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சிரித்தாரா, சலித்துக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. அவர் லேசாக முன்னால் சாய்ந்தாலும் அந்த மூன்று சென்டிமீட்டர் கைவிட்டுப் போய்விடும்.

மனிதர்களைப் பார்ப்பதிலும் நம்மிடம் இருப்பவை ஏறக்குறைய இவைதான். மொத்தமாகப் பார்த்துவிட்டுத் தெளிவாகத் தெரிகிறது என்று நம்புகிறோம். இல்லையென்றால் எடுப்பாகத் தெரியும் அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறோம். எப்போதாவது ஒருவரை நெருங்கிப் பார்க்கிறோம், அப்போது சுற்றியிருப்பதைத் தொலைக்கிறோம்.

ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியிட்ட 'த சாவரின்டி ஆஃப் குட்' நூலில் ஒரு மாமியார் மருமகள் உதாரணம் வரும். சீரியல் மாதிரி இல்லை, சண்டையே கிடையாது. மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. நயம் தெரியாத பெண், சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைக்கிறார். ஆனால் ஒருநாளும் வெளியே காட்டியதில்லை. மருமகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள், அல்லது இறந்தேவிட்டாள் என்றும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் மர்டாக். அதற்குப் பிறகு மாமியார் தன்னையே சந்தேகிக்கிறார். நான் பழைய ஆள், எனக்குப் பொறாமையும் இருக்கலாம், இன்னொரு முறை பார்ப்போம் என்று யோசிக்கிறார். மெல்ல மெல்ல, நயமின்மையாகத் தெரிந்தது வெகுளித்தனமாகத் தெரிகிறது. வெளியே ஒன்றுமே நடக்கவில்லை, நடத்தையும் மாறவில்லை. ஆனாலும் அறம் சார்ந்த ஒரு செயல் நடந்திருக்கிறது என்பது மர்டாக்கின் வாதம். சிமோன் வெயிலிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட 'கவனம்' என்ற சொல்லின் பொருள் இதுதான்: ஒருவரை நியாயமாகவும் அன்பாகவும் பார்க்கும் உழைப்பு.

எனக்கு இதில் ஓர் இடறல் உண்டு. இரண்டாம் பார்வைதான் சரி என்று மாமியாருக்கு எப்படித் தெரியும்? பெண் கண்முன்னால் இல்லாததால் வந்த தாராளமாக இருக்கலாமே? மர்டாக்குக்கும் இந்தச் சந்தேகம் தெரியும், சிலர் இதைச் சுய ஏமாற்று என்பார்கள் என்று அவரே சொல்கிறார். என் பதில் லென்ஸ் வளையத்திலிருந்து வருகிறது. வளையத்தைத் திருப்பிக்கொண்டே போனால் படம் தெளிவாகிக்கொண்டே வரும். உச்சத்தில் நிற்கும் கணத்தில் அது உச்சம் என்று தெரியாது. கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி மங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். கடுமையிலிருந்து கனிவுக்கு வந்த மாமியார் அங்கேயே நின்றுவிட்டால் போதாது. கனிவையும் தாண்டி, 'இவள் தெய்வம்' என்னும் அபத்தம்வரை மனதுக்குள் போய்ப் பார்த்து, அங்கிருந்து திரும்ப வேண்டும். இரண்டு பக்கத்து மங்கலையும் பார்த்தவருக்குத்தான் நடுவில் இருப்பது எது என்று சொல்ல முடியும்.

ஆனால் எவ்வளவு துல்லியம் போதும்? ஒளியியலில் 'குழப்ப வட்டம்' என்று ஓர் அளவு உண்டு. கறாராகச் சொன்னால் லென்ஸ் ஒரே ஒரு தளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் சின்ன வட்டமாகத்தான் விழும். அந்த வட்டம் போதுமான அளவு சின்னதாக இருந்தால் கண் அதைப் புள்ளி என்று ஏற்றுக்கொள்ளும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு அந்த எல்லையைச் சுமார் 0.03 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். மேலே நான் சொன்ன மூன்று சென்டிமீட்டரும் இந்த எண்ணை வைத்துப் போட்ட கணக்குதான். இது இயற்கை விதி இல்லை, ஓர் உடன்பாடு. படத்தை எட்டுக்குப் பத்து அங்குலம் போலப் பிரிண்ட் போட்டு, புத்தகம் படிக்கும் தூரத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்ற அனுமானம் அதன் பின்னால் இருக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் அந்த 0.03 மில்லிமீட்டருக்குள் ஐந்து பிக்சல்கள் அடங்கும். கம்ப்யூட்டரில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கும்போது அந்த உடன்பாடு உடைகிறது. அந்தப் பழைய புகாருக்கு இதுவும் ஒரு காரணம். படம் மாறவில்லை, பார்க்கும் அளவு மாறிவிட்டது.

தொழிற்சாலையில் இதை டாலரன்ஸ் என்போம். ஒரு பாகம் எங்கே பொருந்தப்போகிறது என்று தெரியாமல் அதற்கு டாலரன்ஸ் எழுத முடியாது. மனிதர்கள் விஷயத்தில் நாம் எழுதிவிடுகிறோம். இந்த நாட்டில் நாம் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. பெரும்பாலான கண்களுக்கு நாம் ஸ்டாம்ப் அளவுப் படம். அந்த அளவில் 272 படி, நாக்கில் வேல், லிட்டில் இந்தியாவின் மாலைக்கடை, எல்லாமே சார்ப்பாகத்தான் தெரியும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் குவியும் லென்ஸ்களில் பெரும்பாலானவை அலகில் ஃபோகஸ் வைக்கின்றன. அலகு குத்தியவர் மறுநாள் காலையில் லாரி ஓட்டப் போகிறார் என்பது குழப்ப வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. யாரும் பெரிதாக்கிப் பார்க்காதவரை பிழை தெரியாது.

நம்மை மங்கலாக்குகிறார்கள் என்று நாம் பேசுவது நியாயம்தான். அதே கேள்வியை கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டும் கேட்க வேண்டும். ஒட்டுக்கடையில் நமக்குத் தே தாரே கொண்டுவந்து வைக்கும் பங்களாதேஷ் இளைஞர் நம் படங்களில் எங்கே இருக்கிறார்? பின்னணியில், அழகான வெளிச்ச வட்டமாக. எஃப் 1.4இன் கவர்ச்சியே அதுதான். வேண்டாதவரை அது அசிங்கமாகக் காட்டாது. அழகாகக் கரைத்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அதைச் சுற்றி பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகளும் உண்டு. அப்படி ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுத்தேன். கண்ணில் ஃபோகஸ் வை என்பது உருவப்படத்தின் முதல் விதி. அந்த விதி அங்கே என்ன சொல்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"என்ன தம்பி, சத்தமே வரல?"

"ஃபோகஸ் பண்றேன்ணே. எங்க வைக்கிறதுன்னு பாக்குறேன்."

"எனக்கு என்னா தெரியும், நல்லா இருக்கற எடத்துல வை." சிரித்தார். "கைய மட்டும் விட்டுடாத. சோறு போடுறது அதுதான்."

கை மடியில் இருந்தது, முகத்திலிருந்து முன்னால் தள்ளி. இரண்டையும் எஃப் 1.4இல் பிடிக்க வழியில்லை. எஃப் 8க்குக் குறைத்தேன். கை வந்தது, முகம் வந்தது. கூடவே கதவில் ஒட்டியிருந்த விலைப்பட்டியல், ஒரு மோட்டார்சைக்கிள், பக்கத்துக் கடையின் நீல வாளி எல்லாம் வந்தன. போட்டிக்கு அனுப்பக்கூடிய படம் இல்லை. பிரிண்ட் கேட்டார். "பெருசா போட்டுக் குடு தம்பி. மக செவத்துல மாட்டுவா."

பெருசா. டாலரன்ஸை முடிவு செய்யும் தகவல் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவரோடு ஒரே வீட்டில் வாழும் ஒருத்தி, அவரைத் தினமும் முழு அளவில் பார்ப்பவள், அந்தப் படத்தின் முன்னால் நிற்கப்போகிறாள். துல்லியம் என்பதை இப்போது நான் அந்தத் தூரத்திலிருந்துதான் அளக்கிறேன். ஒருவரை நான் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறேன் என்று சோதிக்க என் கண்ணோ கேமராவின் சிவப்புக் கோடோ போதாது. அவரை என்னைவிட நெருக்கமாக அறிந்த ஒருவர் முன்னால் அதைப் பெரிதாக்கி வைக்கத் துணிய வேண்டும். துணிய முடியாத பார்வை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது இன்னும் ஃபோகஸ் ஆகவில்லை.